கிச்சிலிச் சம்பாவின் பேரன் பேத்திகள்

அங்காடியில் இரண்டு அரிசிப் பைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் ஏர் பூட்டிய மாடுகளின் படம் போட்டு ‘பாரம்பரியக் கிச்சிலிச் சம்பா’ என்று அச்சிட்டிருந்தார்கள். மற்றதில் படம் ஏதும் இல்லை. ‘பிபிடி’ என்று மட்டும் இருந்தது. விலையைப் பார்த்து நான் தயங்கியதைக் கவனித்த விற்பனைப் பெண், “இது நம் முன்னோர்கள் சாப்பிட்ட நெல் சார், அது ஆராய்ச்சி நிலையத்து நெல்” என்று விளக்கினார்.

இரண்டு பைகளும் பாட்டியும் பேத்தியும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. அந்தப் பாட்டியும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பொறுக்கி எடுக்கப்பட்டவள்தான் என்பது பையில் படம் போட்டவருக்கும் தெரிந்திருக்காது. நாட்டு ரகமா, ஒட்டு ரகமா என்று நம் ஊரில் நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நெல்லின் கதை போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நிலத்தில் அதை நட்டுப் பார்த்து, கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

1921, கோயம்புத்தூர்

கோயம்புத்தூரில் நெல்லுக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய எஃப். ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயருக்கு ‘அரசுப் பொருளாதாரத் தாவரவியலர்’ என்று பதவிப் பெயர். அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ‘ஜிஇபி’. அவருடைய பாத்திகளில் இருந்து 1921இல் வெளிவந்த நெல்லுக்கு ‘ஜிஇபி 24’ என்று பெயர் வைத்தார்கள். கோணாமணி என்னும் நாட்டு நெல்லில் தானாகவே தோன்றிய ஒரு மாற்றுச் செடி அது என்று வம்சாவளிப் பதிவு சொல்கிறது. உழவர்களுக்கு எண் எதற்கு? சன்னமான அரிசி, நல்ல சோறு. கிச்சிலிச் சம்பா என்றே அவர்கள் அழைத்தார்கள். அரசுப் பட்டியல்களிலும் ஜிஇபி 24க்குப் பக்கத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்போதைய முறை எளிமையானது. உழவர் வயலில் நிற்கும் நாட்டு நெல் ஒரே மாதிரியான செடிகளின் அணிவகுப்பாக இருக்காது. அது ஒரு கூட்டம். ஒரு செடி நாலு நாள் முன்னே கதிர் விடும், ஒன்று பின்னே விடும். ஒன்றுக்கு மீசை இருக்கும், ஒன்றுக்கு இருக்காது. அந்தக் கூட்டத்தில் இருந்து நல்ல கதிர்களைத் தனித்தனியாக அறுத்து, கதிருக்கு ஒரு வரிசை என்று நட்டு, வருடக்கணக்கில் ஒப்பிட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்வார்கள். இதைத் தூயவழித் தேர்வு என்பார்கள். மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தூவும் வேலை இதில் கிடையாது. ஊர்த் திருவிழாவில் நூறு பேர் ஆடும்போது ஒருவரை மட்டும் மேடைக்குக் கூப்பிடுவது போன்ற காரியம் இது. மேடை ஏறியவர் ஊர்க்காரர்தான். ஆனால் அவர் ஒருவரே ஊர் ஆகிவிட மாட்டார்.

இதில்தான் முதல் குழப்பம் இருக்கிறது. நூறு ஆண்டுகளாக உழவர் கையில் புழங்கிய நெல் என்பதால் கிச்சிலிச் சம்பாவை நாட்டு ரகப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘அரசு கொடுத்த விதை’ என்று இழிவாகப் பேசுகிறவர், அதே வாயால் கிச்சிலியைப் புகழும்போது கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பார்னெலின் பெயர் பதிவில் இருக்கிறது. கோணாமணியைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்த உழவர்களின் பெயர் எதுவும் இல்லை என்பது வேறு வருத்தம். உழவர் ரகங்களைப் பதிவு செய்ய வழி செய்த சட்டம் இந்தியாவில் 2001இல்தான் வந்தது. கோணாமணிக்காரர்களுக்கு அது எண்பது ஆண்டுகள் தாமதம்.

வம்சாவளி

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1960களின் நடுவில் ஏடிடி 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10 என்ற நெல்லுக்கும் ஜிஇபி 24க்கும் பிறந்த பிள்ளை அது. (குட்டைக் கோதுமைக்கு மூதாதையான நோரின் 10 வேறு, பெயர் மட்டும் ஒன்று.) ஜப்பானிய நெல்லையும் நம் வெப்ப நாட்டு நெல்லையும் கலக்கும் பெரிய திட்டம் ஒன்று 1950களில் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து நடந்தது. அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் கே. ராமையா, முன்னர் கோயம்புத்தூர்ப் பாத்திகளில் வேலை கற்றவர். கிச்சிலி ஏன் பெற்றோராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று வியப்பதற்கு இடமில்லை.

தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் ஒன்று. பாக்கேஜ் திட்டம் என்று இன்றும் பெரியவர்கள் நினைவு கூர்வார்கள். ஏடிடி 27 குறுவைப் பருவத்தில் பரவியது. சுமார் 105 நாள் பயிர், உரத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆனியில் நட்டால் புரட்டாசி, ஐப்பசியில் அறுக்க வேண்டும். அது மழை தொடங்கும் காலம். ஈர நெல்லைக் களத்தில் குவித்தால் சூடேறும், முளை விடும், அரிசி பழுப்பாகும். இந்த ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்ப்பதற்காகவே திருவாரூரின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். இன்று தஞ்சாவூரில் இருக்கும் பெரிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். நெல்லின் நாள்கணக்கை மாற்றினால் களத்தின் நாள்கணக்கும் மாறும் என்பதை விதை கொடுத்தவர்கள் அறுவடைக்குப் பிறகுதான் உணர்ந்தார்கள்.

திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு கிளை. கோ 18 என்ற நெல்லோடு ஜிஇபி 24ஐக் கலந்து டிகேஎம் 6 என்ற ரகத்தை எடுத்தார்கள். குருத்துப்பூச்சியைத் தாங்கும் என்பது அதன் பெருமை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குணத்துக்காக டிகேஎம் 6ஐ வாங்கித் தன் குட்டை நெல்லோடு சேர்த்தது. அப்படி 1969இல் பிறந்தது ஐஆர் 20. இட்லிக்கு அரிசி வாங்கும்போது ‘ஐஆர் 20 இருக்கிறதா?’ என்று கேட்கும் பாட்டிமார்கள் இன்னும் உண்டு. அவர்கள் கேட்பது கிச்சிலியின் பேரனைத்தான். 1976இல் வந்த ஐஆர் 36, ஒரு காலத்தில் உலகிலேயே அதிகப் பரப்பில் நடப்பட்ட நெல். அதிலும் டிகேஎம் 6 வழியாகக் கிச்சிலியின் ரத்தம் ஓடுகிறது. எண்ணிப் பார்த்தால் எள்ளுப்பேரன் முறை வரும்.

இனி அங்காடியில் படமில்லாமல் இருந்த பை. பிபிடி 5204 ஆந்திராவின் பாபட்லாவில் இருந்து 1986இல் வெளிவந்தது. சம்பா மசூரி என்பது அதன் முறையான பெயர். நம் கடைகளில் ஆந்திரா பொன்னி. ஜிஇபி 24ஐத் தைச்சுங் நேட்டிவ் 1 என்ற தைவான் குட்டை நெல்லோடு கலந்து, வந்ததை மறுபடியும் மசூரியோடு கலந்தார்கள். தைவான் நெல்லின் குட்டைத்தனம் ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ என்ற அந்த ஊர் நாட்டு ரகத்தில் இருந்து வந்தது. மசூரிக்குத் தாய் தந்தையர் மலாயாவின் மயாங் இபோஸும் தைச்சுங் 65ம். தைச்சுங் 65க்கு முன்னோர் கமேஜி, ஷின்ரிக்கி என்ற ஜப்பானிய உழவர் ரகங்கள். ஆக, ‘ஆராய்ச்சி நிலையத்து நெல்’ என்று அந்தப் பெண் ஒதுக்கிய பையில் தமிழ்நாடு, தைவான், மலாயா, ஜப்பான் ஆகிய நான்கு நாட்டு உழவர்களின் நாட்டு நெல்கள் இருந்தன.

நம்முடைய பொன்னியும் இந்த மசூரி வழிதான். காவிரியின் பெயரை வைத்துக்கொண்டு, பிறந்த வீடு மலாயா என்று யாரும் சொல்லாமல் அது தஞ்சையின் நெல்லாகவே ஆகிவிட்டது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மிளகாயும் அப்படி வந்ததுதானே.

சாய்தல்

வம்சாவளி ஒன்றாக இருந்தால் வயலில் நடப்பும் ஒன்றாகவா இருக்கும்? இல்லை. வேறுபாடு எங்கே தெரிகிறது என்பதை 2021 பொங்கல் வாரத்தில் பார்த்தேன்.

டெல்டாவில் தை பிறக்கும்போது மழை வரக் கூடாது. அந்த ஆண்டு வந்தது. நாள்கணக்கில் விடாமல் பெய்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் நிலத்தில் வாய்க்காலுக்கு மேற்கே மூன்று மாவில் கிச்சிலி, கிழக்கே சித்தப்பாவின் நிலத்தில் சிஆர் 1009. சிஆர் 1009 கட்டாக்கில் இருந்து வந்த குட்டையான, கெட்டித் தண்டுள்ள நெல். பொன்மணி என்று சொல்வார்கள். கிச்சிலி என் நெஞ்சு உயரம் நின்றது. பத்து நாளில் அறுக்கலாம் என்று இருந்தேன்.

முதல் நாள் இரவுக் காற்றிலேயே கிச்சிலி படுத்துவிட்டது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால்கூட நாலு நாலு தூராகச் சேர்த்துக் கட்டி நிறுத்தலாம். அது சுழன்று படுத்திருந்தது, யாரோ பாய் விரித்துப் புரண்ட மாதிரி. தண்டை எடுத்துப் பார்த்தேன். கீழிருந்து இரண்டாவது கணுவுக்கும் மூன்றாவது கணுவுக்கும் நடுவில் மடிந்திருந்தது. மடிந்த இடத்தில் விரலால் அழுத்தினால் வைக்கோல் குழாய் போலத் தட்டையாகிறது. சித்தப்பாவின் நெல்லில் அதே இடம் பென்சில் போல இருந்தது. அளவுகோல் தேவைப்படவில்லை, கட்டைவிரல் போதும்.

“நீ என்ன உரம் போட்டாய் தம்பி?” என்று சித்தப்பா கேட்டார்.

நான் ரசாயன உரம் போடவில்லை. ஆனால் அதற்கு முன் அந்த வயலில் தக்கைப்பூண்டை மடக்கி உழுதிருந்தேன், அதற்கும் மேல் ஆட்டுக்கிடை கட்டியிருந்தேன். பயிர் கறுகறுவென்று வளர்ந்ததைப் பார்த்து ஊரே மெச்சியது. அந்தக் கறுப்புதான் வில்லன். தழைச்சத்து சாக்கில் இருந்து வந்தாலும் ஆட்டுப் புழுக்கையில் இருந்து வந்தாலும் உயரமான நெல் அதை ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறது: மேலே போகிறது, மெலிகிறது, கதிர் முற்றும்போது சாய்கிறது. இயற்கை உரம் போட்டால் நாட்டு நெல் சாயாது என்று ஒரு கூட்டத்தில் கேட்ட வாக்கியத்தை நான் அன்று வயல் வரப்பில் வைத்தே மறந்துவிட்டேன்.

நவீன நெல்லின் மொத்தக் கதையும் இந்த மடிப்பில் இருக்கிறது. 1966இல் ஐஆர் 8 வந்தபோது அதைப் புதிதாக்கியது அதன் குறைந்த உயரம். கிப்பரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தயாரிக்கும் மரபணு ஒன்று பழுதுபட்டிருப்பதால்தான் அந்தக் குட்டைத்தனம் என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். உலகத்தின் பாதி வயிற்றை நிரப்பிய பழுது அது. உயரமான நாட்டு நெல்லில் நிலத்துக்கு மேலுள்ள மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு நெல்லாகும். குட்டை நெல்லில் பத்தில் ஐந்து பங்கு. செடி அதிகமாக உழைக்கவில்லை. வைக்கோலுக்குப் போனதை நெல்லுக்குத் திருப்பிவிட்டது. உரத்தைக் கொட்டினாலும் நிற்கிறது.

ஆனால் வைக்கோல் யாருக்கும் வேண்டாத பொருளா? நான்கு மாடு கட்டியிருந்த வீட்டில் அது பாதி வருமானம். கூரை அதில்தான், தீவனம் அதில்தான். மாடு போய் டிராக்டர் வந்த பிறகு, கூரை போய் ஓடு வந்த பிறகு, உயரமான நெல்லுக்கு ஆதரவாக இருந்த பாதிக் கணக்கு வீட்டில் இருந்தே மறைந்துவிட்டது. ரகம் தோற்றது என்று சொல்வதைவிட, அதைத் தாங்கிய வீடு மாறியது என்று சொல்வது பொருந்தும்.

அந்தத் தையில் சித்தப்பாவும் தப்பவில்லை. அவருடைய நெல் நின்றது, ஆனால் வயலில் தண்ணீர் வடியவில்லை. அறுவடை இயந்திரம் இறங்க முடியவில்லை. நின்ற கதிரிலேயே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நான் ஆட்களை விட்டு அரிவாளால் அறுத்தேன். அவர் இயந்திரத்துக்குக் காத்திருந்தார். மூட்டைக் கணக்கு பார்த்தால் அவர்தான் மேல். கூலி கொடுத்த பிறகு என் கணக்கை எழுதிப் பார்க்க மனம் வரவில்லை.

நீருக்கடியில்

சாய்வதை வைத்து நாட்டு நெல்லைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு அதே கிழக்கு வயலே சாட்சி. சித்தப்பா இப்போது நடுவது வெறும் சிஆர் 1009 இல்லை. சிஆர் 1009 சப் 1. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு சொல் ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லில் இருந்து வந்த மரபணுவைக் குறிக்கிறது.

தலப்புட்டியா என்ற அந்த நெல்லில் இருந்து தேர்ந்தெடுத்த வழிக்கு எஃப்ஆர் 13ஏ என்று பெயர். வெள்ளம் தாங்கும் என்பதைத்தான் முதல் இரண்டு எழுத்துகள் சொல்கின்றன. உணவுக்கு அது சுமாரான நெல், விளைச்சலும் குறைவு. ஆனால் இளம் பயிர் முழுதும் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். பிறகு அதை மட்டும் ஸ்வர்ணா, சிஆர் 1009 போன்ற ரகங்களுக்குள் கொண்டுபோனார்கள்; ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியானது. இதில் மரபணு மாற்றுத் தொழில்நுட்பம் இல்லை. சாதாரண மகரந்தக் கலப்பும், எந்தக் கன்றில் அந்த மரபணு வந்திருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்துப் பொறுக்குவதும்தான்.

வயலில் இது எப்படித் தெரியும்? கார்த்திகையில், நட்டு ஒரு மாதம் ஆன பயிர் மூழ்கும்போது மற்ற நெல்கள் பதறுகின்றன. மேலே வந்து மூச்சு விட வேண்டும் என்று இருக்கும் சர்க்கரையை எல்லாம் செலவழித்து இழுத்துக்கொண்டு வளர்கின்றன. தண்ணீர் வடிந்ததும் அந்த நீண்ட, வெளுத்த தாள்கள் நிற்க வலுவில்லாமல் சேற்றில் படிந்து அழுகுகின்றன. சப் 1 நெல் நீருக்கடியில் வளர்வதை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கிறது. வடிந்த மறுநாள் பார்த்தால் இதுவும் செத்துவிட்டதோ என்றுதான் தோன்றும். சேறு பூசிய குட்டைத் தூர்கள். ஒரு வாரம் பொறுத்தால் நடுவில் இருந்து புதுக் குருத்து பச்சையாக வரும். சித்தப்பா முதல் முறை இதைப் பார்த்தபோது மறு நடவுக்கு நாற்று தேடப் போயிருந்தார். திரும்பி வந்து நாற்றுக் கட்டை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

கதை இதோடு நிற்கவில்லை. 1970களில் ஆசியாவின் நெல்லைக் குட்டைப்புல் நச்சுயிரி தாக்கியபோது, பன்னாட்டு நிறுவனத்தின் சேமிப்பில் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கும் குணம் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரேஒரு காட்டு நெல் மாதிரியில் கிடைத்தது. ஐஆர் 36க்குள் அதுவும் இருக்கிறது. கேரளத்துப் பட்டாம்பியின் தெக்கன் என்ற நாட்டு நெல்லும் இருக்கிறது. பிபிடிக்கு வரும் பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்க 2008இல் மேம்படுத்திய சம்பா மசூரியை வெளியிட்டார்கள். அதிலுள்ள எதிர்ப்பு மரபணுக்களில் ஒன்று ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லில் இருந்து வந்தது. அந்த மேம்படுத்திய ரகத்தின் கிளைசீமிக் எண் (உண்டபின் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தின் அளவு, குறைந்தால் நல்லது) சுமார் 51 என்று அளந்திருக்கிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு நாட்டு நெல் மட்டுமே ஆகும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த எண்ணையும் கொஞ்சம் பார்க்கலாம். மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பும் கருப்புக் கவுனியின் கருமையும் தவிட்டில் இருக்கின்றன. அவற்றைத் தீட்டாமல் உண்பவருக்குப் பலன் உண்டு. கிச்சிலி வெள்ளை அரிசி. அதைப் பளபளவென்று தீட்டி, மாட்டுப் படம் போட்ட பையில் அடைத்துவிட்டால் உடம்புக்கு என்ன வந்து சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

கலவன்

சாய்ந்தது என் தவறு. இன்னொன்று என் தவறில்லை. அந்த விதையை ஒரு திருவிழாக் கடையில் வாங்கினேன். கதிர் விட்டபோது வயலில் நாலு விதமான நெல் நின்றது. சன்னமான வெளிர்மஞ்சள் நெல்தான் அதிகம். நடுநடுவே ஒரு சாண் உயர்ந்து மீசை வைத்த கதிர்கள். உமி சிவந்த குண்டு நெல். எல்லாவற்றுக்கும் கீழே குட்டையாக, கிச்சிலிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று. விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். “நாட்டு ரகம் என்றால் அப்படித்தான் இருக்கும் ஐயா, பன்மயம்” என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டு முதலில் கோபப்பட்டேன். பிறகு பல நாள் யோசித்தேன். நாட்டு நெல் ஒரு கூட்டம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் கலப்புதான் அதன் காப்பீடு: ஒரு செடியைக் குலைநோய் தாக்கினால் பக்கத்துச் செடி தப்பும், மழை முன்னே வந்தால் பின்னே பூப்பது பிழைக்கும். அப்படியென்றால் என் வயலில் நின்றதும் அதுதானா?

இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கூட்டம் என்பது ஒன்றாக வாழ்ந்து பழகிய கூட்டம். ஒரே மண்ணில், ஒரே பருவத்தில், ஒரே குடும்பத்தின் கைகளில் ஆண்டாண்டாகப் பொறுக்கப்பட்டு வந்த செடிகள் உயரத்திலும் பூக்கும் நாளிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும்; ஆனால் ஒன்றாக அறுக்க வரும். என் வயலில் நின்றது அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் கலந்த நெல். காலையில் ஒருவர் வயலில் அறுத்த இயந்திரம் மதியம் அடுத்தவர் வயலில் இறங்குகிறது. உள்ளே தங்கிய நெல் விதைக்குள் போகிறது. சிவப்பு நெல் முற்றும்போது குட்டை நெல் உதிர்ந்துபோய்விட்டது. இதைப் பன்மயம் என்று பெயர் சூட்டி விற்பது நாட்டு நெல்லுக்குச் செய்யும் துரோகம்.

நாட்டு நெல் மீட்பில் உண்மையாக உழைத்தவர்கள் இதை அறிந்தவர்கள்தான். திருத்துறைப்பூண்டியின் நெல் ஜெயராமன் நம்மாழ்வாரின் ஊக்கத்தில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நெல்களைத் தேடி மீட்டார். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை பெறுகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த இரண்டுக்கு நாலு என்ற கணக்கின் அழகு எனக்கு இப்போதுதான் புரிகிறது: திருப்பித் தர வேண்டிய விதை என்றால் உழவர் கலவனை, அதாவது கலந்துவிட்ட வேற்று நெல்லை, பொறுக்கி எறிவார். விற்கிற விதைக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

குளிர்பதன விதை வங்கிகளும் இந்த இடத்தை முழுதாக நிரப்ப முடியாது. பிலிப்பைன்ஸ் வங்கியில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. அவை இல்லாமல் இருந்திருந்தால் நச்சுயிரிக்கு விடையாக அந்தக் காட்டு நெல் கிடைத்திருக்காது. அதை எள்ளி நகையாடுவது அறியாமை. ஆனால் உறையில் உறங்கும் விதைக்கு எங்கள் கடலோர உப்பு மண் 2004 சுனாமிக்குப் பிறகு எப்படி மாறியது என்று தெரியாது. வயலில் நின்ற நெல்லுக்குத் தெரியும். மாற்றிச் சொன்னால், வயலில் மட்டும் இருக்கும் நெல்லை ஒரு தலைமுறையின் சோம்பல் அழித்துவிடும். இரண்டும் வேண்டும், இரண்டில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டாம்.

கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்று இரண்டே வகை. கிச்சிலியை அங்கே கொண்டுபோனால் பிபிடிக்கு என்ன விலையோ அதுதான். விளைச்சல் குறைவாக இருந்ததற்கு யாரும் ஈடு கொடுக்கப் போவதில்லை. நாட்டு நெல் நடுகிறவர் தானே அரைத்து, தானே வாடிக்கையாளர் தேடி விற்க வேண்டியிருக்கிறது. அங்காடிப் பையின் விலை ஏன் அவ்வளவு என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. மாட்டுப் படத்தைப் பார்த்து எரிச்சல் பட்ட எனக்கும் அந்த விலையைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஆண்டு வாய்க்காலுக்குக் கிழக்கே தாழ்ந்த நிலம் முழுதும் சப் 1. மேற்கே மேட்டில் உள்ள மூன்று மாவில் மட்டும் கிச்சிலி. கிடை கட்டவில்லை, தக்கைப்பூண்டும் விதைக்கவில்லை. விதைக்கு அந்த நாலு விதத்தில் இருந்து சன்னக் கதிராக நானும் சித்தப்பாவும் அறுத்து வைத்தது. கதிருக்கு ஒரு வரிசை நட்டிருக்கிறோம். போன வாரம் தொண்டைக்கதிர் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு செடி மற்றவற்றுக்கு ஆறு நாள் முன்னதாகப் பூத்திருக்கிறது, உயரமும் கொஞ்சம் குறைவு. “பிடுங்கிவிடவா?” என்று கேட்டேன். சித்தப்பா குனிந்து தண்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். “இரு தம்பி” என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த சணல் கயிற்றை எடுத்து அதற்கு ஓர் அடையாளம் கட்டினார்.